உலாவிகளின் பாடபேதம்: வலைப்பக்க அமைப்புச் சிக்கல்கள் பற்றிய ஒரு விளக்கம்

பழந்தமிழ் நூற்பதிப்பிலே ஈடுபட்டோர் எதிர்கொண்ட இடர்ப்பாடுகளுள் முதன்மையானது பாடபேதம் என்பதை இச்சஞ்சிகையின் வாசகர்கள் நன்கறிவர். ஒரே செய்யுள் ஓர் ஏட்டிலே ஒருவாறும் பிறிதோர் ஏட்டிலே பிறிதொருவாறும் காணப்படும். ஏடெழுதியோரின் கவனக்குறைவே இதற்குக் காரணமெனக் கொள்வது எளிது. ஆயின் எந்த ஏடு எவருடைய ஆதரவிலே, எத்தேவைக்காகப் படியெடுக்கப்பட்டது என நோக்கும் ஆய்வாளனுக்குப் பாடபேதங்கள் வெறும் பிழைகளாக மாத்திரம் தோன்றமாட்டா. அவை ஒரு வரலாற்றின் தடயங்களுமாகும். இன்று கணினித் திரையிலே நாம் வாசிக்கும் வலைப்பக்கத்துக்கும் இத்தகைய பாடபேதம் உண்டு. ஓர் உலாவியில் ஒழுங்காகத் தோன்றும் பக்கம் மற்றோர் உலாவியிலே குலைந்து, பத்திகள் இடம்மாறி, எழுத்துகள் ஒன்றன்மேலொன்று ஏறிக் காட்சியளிப்பதை அனுபவித்திராதார் சிலரே. இது ஏன் நிகழ்கின்றது, எவ்வாறு திருத்தப்படுகின்றது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விடயத்தில் எனக்கு அக்கறை ஏற்பட்ட விதத்தை முதலிலே கூறிவிடுதல் பொருத்தமாகும். 2013 ஆம் ஆண்டளவிலே, பழைய இதழ்களிலிருந்து தெரிந்தெடுத்த 32 கட்டுரைகளை வலையேற்றும் பணியில் நானும் வேறு சில மாணவரும் ஈடுபட்டிருந்தோம். பக்கத்தின் இடப்புறத்திலே கட்டுரை, வலப்புறத்திலே ஏனைய கட்டுரைகளின் பட்டியல் என்பதே நாம் வகுத்த அமைப்பு. எங்கள் கணினிகளில் அது செம்மையாகவே தோன்றிற்று. சில வாரங்கள் கழித்து ஒரு கிராமத்து வாசிகசாலைக்குச் சென்றிருந்தபோது, அங்கிருந்த பொறுப்பாளர், அன்பளிப்பாகக் கிடைத்த ஒரு பழைய கணினியிலே எமது பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "தம்பி, ஒரு கட்டுரைதானே போட்டிருக்கிறியள்? மற்றதெல்லாம் எங்கை?" என்று வினவினார். பட்டியல் காணாமற் போகவில்லை. அது வலப்புறத்திலிருந்து கீழே விழுந்து, நாற்பது பக்கக் கட்டுரையொன்றின் அடியிலே கிடந்தது. அவ்வளவு தூரம் இறங்கிச் சென்று தேட வேண்டும் என்று எவர்தான் நினைப்பர்? ஓரிரு பிக்சல் பிசகு என நாம் அலட்சியம் செய்யக்கூடிய ஒன்று, 31 கட்டுரைகளை ஒரு வாசகர் கூட்டத்திடமிருந்து மறைத்துவிட்டது.

அச்சுக்கூடத்திலே ஒரு பக்கம் ஒரேயொரு முறைதான் கோக்கப்படுகின்றது. அச்சுக்கோப்பாளர் எழுத்துகளை அடுக்கி, வரிகளுக்கிடையே ஈயத்தகடு செருகி, பாரத்தை இறுக்கிய பின்னர் எடுக்கப்படும் ஆயிரம் படிகளும் ஒன்றுபோலவே இருக்கும். வலைப்பக்கம் அத்தகையதன்று. வாசகரை வந்தடைவது கோத்து முடித்த பக்கமன்று. மூலப்பிரதியும் அதனை எவ்வாறு கோக்கவேண்டுமென்ற குறிப்புகளுமே. கோக்கும் வேலையை வாசகரின் கணினியிலுள்ள உலாவி ஒவ்வொரு தடவையும் புதிதாகச் செய்கின்றது. ஆயிரம் வாசகர் இருப்பின் ஆயிரம் அச்சுக்கோப்பாளர் இருக்கின்றனர். அவர்கள் வெவ்வேறு காலங்களிலே, வெவ்வேறு முதலாளிகளிடத்திலே தொழில் பழகியவர்கள். நாம் எழுதும் குறிப்பு ஒன்று. அதனை அவர்கள் வாசிக்கும் விதம் பல.

ரிம் பேர்ணர்ஸ்-லீ ஜெனீவாவிலுள்ள சேர்ண் ஆய்வு நிலையத்திலே 1989 ஆம் ஆண்டு முன்வைத்த திட்டத்திலிருந்து வலை தோன்றியது. எச்.ரி.எம்.எல். எனும் குறிமொழி தலைப்பு எது, பந்தி எது, பட்டியல் எது என உள்ளடக்கத்தின் தன்மையைச் சொல்வதையே முதன்மையாகக் கொண்டது. தோற்றத்துக்கெனத் தனியானதொரு மொழி வேண்டுமென ஹோகோன் வியும் லீ 1994 இலே முன்மொழிந்தார். அதுவே சீ.எஸ்.எஸ்.; அதன் முதலாவது நியமம் 1996 டிசெம்பரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பினால் வெளியிடப்பட்டது. எழுதுபவரின் விருப்பும் வாசிப்பவரின் விருப்பும் இணக்கங் காணவேண்டும் என்ற எண்ணம் அம்மொழியின் அடித்தளத்திலேயே இருந்தது என்பது மனங்கொளத்தக்கது. பக்கத்தின் முழு ஆட்சியும் ஆக்கியோனுக்கே உரியது என்ற அச்சுலகக் கருத்தினின்றும் இது வேறுபட்டது.

ஆனால் நியமம் எழுதப்பட்டுக்கொண்டிருந்த வேளையிலேயே சந்தையிலே போர் மூண்டுவிட்டது. நெற்ஸ்கேப் நிறுவனம் 1995 ஓகஸ்டிலே பங்குச் சந்தையில் இறங்கியது. அதே மாதத்திலே மைக்ரோசொஃப்ற் நிறுவனம் தனது இன்ரநெற் எக்ஸ்புளோரரை வெளியிட்டது. இரு நிறுவனங்களும் ஆறு மாதத்துக்கொரு புதுமையை வெளியிட்டு, தமது உலாவியிலே மாத்திரம் இயங்கத்தக்க பக்கங்களை எழுதுமாறு ஊக்குவித்தன. நியமத்தைப் பின்பற்றுவது அவற்றுக்கு இலாபந் தரும் செயலன்று, வேறுபாடே மூலதனம். நெற்ஸ்கேப், சீ.எஸ்.எஸ். மொழிக்குப் போட்டியாக யாவாஸ்கிரிப்ற் அடிப்படையிலான வேறொரு முறையை முன்வைத்திருந்தது. அம்முறை தோற்றபோதிலும், 1997 இல் வெளிவந்த நெற்ஸ்கேப் 4 சீ.எஸ்.எஸ். குறிப்புகளைத் தனது பழைய முறைக்கு உள்ளூர மாற்றியே கையாண்டது. ஆதலின் வாசகர் யாவாஸ்கிரிப்றை நிறுத்திவிட்டால் பக்கத்தின் தோற்றம் முழுவதும் மறைந்துபோயிற்று! இந்நிலையிலே பக்கங்களை ஆக்குவோர் புள்ளிவிவர அட்டவணைக்கென அமைந்த குறிகளை எடுத்து, பக்கம் முழுவதையும் கட்டங்களாக வெட்டி, ஒளிபுகும் ஒரு பிக்சல் படங்களை இடைவெளி நிரப்பும் ஆப்புகளாகச் செருகிப் பணியாற்றினர். கண்ணுக்கு அது பக்கமாகத் தோன்றும். பார்வையற்றோருக்குப் பக்கத்தை ஒலித்துக்காட்டும் மென்பொருளுக்கோ அது அர்த்தமற்ற கட்டக் குவியல்.

இனி, மிகப் பிரசித்தமான பேதமொன்றைச் சற்று விரிவாக நோக்குவோம். சீ.எஸ்.எஸ். பார்வையிலே பக்கத்திலுள்ள ஒவ்வொரு கூறும் ஒரு பெட்டி. பெட்டியினுள்ளே உள்ளடக்கம், அதனைச் சூழ ஓர் உள்ளிடைவெளி, அதற்கப்பால் எல்லைக்கோடு, அதற்கும் வெளியே அயற்பெட்டிகளிலிருந்து பிரிக்கும் வெளியிடைவெளி. இப்பெட்டியின் அகலம் 200 பிக்சல் என்று எழுதினால் எதன் அகலம் 200? நியமம் உள்ளடக்கத்தின் அகலமே 200 என்றது. இருபுறமும் 20 பிக்சல் உள்ளிடைவெளியும் 5 பிக்சல் எல்லைக்கோடும் இருப்பின் பெட்டி திரையிலே 250 பிக்சல் இடத்தைப் பிடிக்கும். விண்டோசில் இயங்கிய இன்ரநெற் எக்ஸ்புளோரர் 5 வேறுவிதமாகக் கணித்தது. எல்லைக்கோடு உட்பட யாவும் 200 இனுள் அடங்கவேண்டும் என்பது அதன் முடிவு. அங்கே உள்ளடக்கத்துக்கு எஞ்சுவது 150 பிக்சல் மாத்திரமே. இதே குறிப்பை வாசித்த இரு அச்சுக்கோப்பாளருள் ஒருவர் மற்றவரைவிட 50 பிக்சல் அகலமாகக் கோத்தார். இரண்டு மூன்று பத்திகளை அருகருகே வைத்த பக்கத்திலே இந்த வேறுபாடு போதும், கடைசிப் பத்தி இடமின்றிக் கீழே விழுந்துவிடும்.

இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட பரிகாரம் விசித்திரமானது. விண்டோசிற்கான அந்த ஐந்தாம் பதிப்பிலே மற்றொரு குறைபாடும் இருந்தது: மேற்கோட் குறிகளுக்குள் வரும் அடைப்புக்குறியை அது விதியின் முடிவெனத் தவறாகக் கொண்டது. ரன்ரெக் செலிக் என்பார் இக்குறைபாட்டையே கருவியாக்கினார். முதலிலே 250 என்ற பொய்யான அகலம். அடுத்து, ஒலித்துக்காட்டும் குரலைக் குறிக்கும், திரைக்குச் சம்பந்தமேயில்லாத ஒரு குறிப்பினுள் அந்த அடைப்புக்குறி. அதன்பின்னர் 200 என்ற மெய்யான அகலம். பழைய உலாவி இடையிலே விதி முடிந்ததென எண்ணி 250 உடன் நின்றுவிடும். பிழையின்றி வாசிக்கும் உலாவி மேலே சென்று 200 ஐ ஏற்கும். ஒரு பிழையைக் கொண்டு மற்றொரு பிழையை வெட்டும் இத்தகைய தந்திரங்கள் பல பெருகின. அக்காலத்திலே ஒரு பக்க வடிவமைப்பாளரின் தொழிற்றேர்ச்சி என்பது பெரும்பாலும் இத்தந்திரங்களின் மனனமே எனலாம்.

நிலையான தீர்வும் அதே செலிக் பணியாற்றிய, மக்கின்ரோஷ் கணினிக்கான உலாவியிலேயே 2000 ஆம் ஆண்டு முதலிலே நடைமுறைக்கு வந்தது. பக்கத்தின் தலையிலே முறையான ஆவண வகை அறிவிப்பு இருப்பின் உலாவி நியம முறையிலே கோக்கும். இல்லாவிடின் பழைய வழக்குப்படி கோக்கும். 2001 இல் வந்த இன்ரநெற் எக்ஸ்புளோரர் 6 உம் ஏனைய உலாவிகளும் இதனைப் பின்பற்றின. இன்றைய உலாவிகளிலும் இந்த இரட்டை முறை நிலவுகின்றது. தலையிலே அவ்வறிவிப்பில்லாத பக்கமொன்றை இன்று குரோமிலோ பயர்பொக்சிலோ திறப்பினும் அது 1990களின் வழக்குகள் பலவற்றை மீள உயிர்ப்பித்தே அதனைக் கோக்கும். ஆகவே அமைப்புக் குலைந்த எந்தப் பக்கத்தையும் திருத்தப் புகுவோர் முதன்முதலிலே பார்க்கவேண்டியது தலைவரியை. எக்ஸ்புளோரர் 6 இன் விடயத்தில் இன்னுமொரு நுட்பமும் உண்டு. அறிவிப்புக்கு முன்னால் வேறு எந்த வரி நின்றாலும், அது முறையான எக்ஸ்.எம்.எல். முகவரியாக இருப்பினும், அவ்வுலாவி அறிவிப்பைக் கவனியாது பழைய வழக்குக்கே திரும்பிவிடும்.

வாசிகசாலைக் கணினியிலே இருந்தது இந்த ஆறாம் பதிப்பே. ஆனால் எமது பக்கத்தைக் குலைத்தது பெட்டிக் கணக்கன்று, வேறொரு கோளாறு. பத்திகளை அருகருகே வைப்பதற்கு அக்காலத்தில் மிதவை என்னும் உத்தி பயன்பட்டது. படத்தின் பக்கவாட்டிலே எழுத்தை ஓடவிடுவதற்கென ஏற்பட்ட அவ்வுத்தியை வேறு வழியின்றிப் பக்கம் முழுவதற்கும் பயன்படுத்தினோம். எமது பக்கத்தின் அகலம் 960. இடப்பத்தியின் இடது வெளியிடைவெளி 20, அகலம் 600, வலப்பத்தி 340. கூட்டுத்தொகை சரியாக 960. எக்ஸ்புளோரர் 6, இடப்புறம் மிதக்கும் முதற்பெட்டியின் இடது வெளியிடைவெளியை இரட்டிப்பாக்கும் பழக்கமுடையது. 20 என்பது 40 ஆயிற்று. தொகை 980 ஆயிற்று. பட்டியல் கீழே விழுந்தது. மூன்று நாட்கள் தேடிய பின்னர் கண்ட பரிகாரம் ஒரேயொரு வரி: மிதக்கும் பெட்டியை வரியோட்டக் கூறு என அறிவித்தல். மிதக்கும் எதுவும் நியமப்படி தானாகவே தனிப்பெட்டியாகக் கொள்ளப்படுவதால் இவ்வரி ஏனைய உலாவிகளைப் பாதிப்பதில்லை. எக்ஸ்புளோரர் 6 இலோ, காரணம் எதுவாயினும், இரட்டிப்பு நின்றுவிடுகின்றது.

இங்கு எழுகின்ற வினா முக்கியமானது. இந்த இரட்டிப்பிலே எந்த வர்க்க நலன் உள்ளது? எதுவுமில்லை என்பதே நேர்மையான விடை. அது ஒரு பொறியியலாளரின் சாதாரணத் தவறு. ஒவ்வொரு வழுவுக்கும் பொருளாதாரக் காரணம் கற்பிக்கப் புகுவது வரட்டு வாதமாகவே முடியும். இலக்கியத் திறனாய்விலே அத்தகைய வரட்டு வாதத்தின் விளைவுகளை நாம் கண்டிருக்கின்றோம். ஆனால் ஒரு தவறு பிறப்பதற்கான காரணம் வேறு, அது நீடித்து வாழ்வதற்கான காரணம் வேறு. எக்ஸ்புளோரர் 6 வெளிவந்தது 2001 ஓகஸ்டிலே. அடுத்த பதிப்பு வெளிவந்தது 2006 ஒக்ரோபரிலே. இடைப்பட்ட ஐந்தாண்டுகளிலே இரட்டிப்புக் கோளாறு எவராலும் அறியப்படாமல் இருக்கவில்லை; உலகெங்கும் வடிவமைப்பாளர் அறிந்திருந்தனர். போரிலே வென்றாகிவிட்டது. நெற்ஸ்கேப் 1998 நவம்பரிலே விலைபேசப்பட்டுவிட்டது. அமெரிக்க அரசு அதே ஆண்டு மே மாதத்திலே தொடுத்த ஏகபோக வழக்கிலே, நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்குமாறு நீதிபதி ஜாக்சன் 2000 ஜூனில் இட்ட கட்டளையை மேல்நீதிமன்றம் 2001 ஜூனில் நீக்கிவிட்டது. சந்தையின் மிகப்பெரும் பகுதி கையிலிருக்கையில் திருத்தம் செய்வதற்கான செலவு வீண்செலவாகவே தோன்றும். அச்செலவை நிறுவனம் ஏற்கவில்லையாயினும் செலவு மறைந்துவிடவில்லை. அது பல்லாயிரம் வடிவமைப்பாளரின் இரவுகளாக இடம் மாறிற்று. மாந்தரிடையிலான உறவு பொருள்களிடையிலான உறவாகத் தோற்றமளிப்பதை மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் பாகத்திலே ஆராய்ந்தார். "இந்தப் பெட்டி அந்த உலாவியோடு ஒத்துவரவில்லை" என்று நாம் சாதாரணமாகக் கூறும் வாக்கியத்திலே அத்தோற்றத்தைத் தெளிவாகக் காணலாம்.

தந்திரங்களை நம்பியோரும் ஈற்றிலே இடர்ப்பட்டனர். ஏழாம் பதிப்பு வந்தபோது, வடிவமைப்பாளர் நுழைந்து பழகிய வாசிப்புக் குறைபாடுகள் பல அடைக்கப்பட்டன. அவற்றைச் சார்ந்து நின்ற பக்கங்கள் புதிய உலாவியிலே குலைந்தன. மைக்ரோசொஃப்ற் தானே வழங்கிய நிபந்தனைக் குறிப்பு முறை, அதாவது குறிப்பிட்ட பதிப்பு மாத்திரம் வாசிக்கத்தக்க தனித்தாளை இணைக்கும் முறை, ஒப்பீட்டளவில் நேர்மையானது. அதுவும் 2012 இல் வந்த பத்தாம் பதிப்புடன் கைவிடப்பட்டது.

பழைய உலாவியை எவர் பயன்படுத்துகின்றனர் என்பதும் ஆராயத்தக்கது. சோம்பேறிகளும் அறியாதோருமே என்ற ஏளனம் வடிவமைப்பாளரிடையே ஒருகாலத்திலே பரவலாக இருந்தது. 2011 மார்ச்சிலே மைக்ரோசொஃப்ற் நிறுவனமே ஆறாம் பதிப்பை ஒழிக்கும் பிரசாரம் ஒன்றைத் தொடங்கியபோது வெளியிட்ட கணக்கின்படி, சீனாவிலே ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரும் தென்கொரியாவிலே ஏறத்தாழ நாலிலொரு பங்கினரும் அதனையே பயன்படுத்தினர். ஐக்கிய அமெரிக்காவிலோ நூற்றுக்கு மூவரளவிலேயே. ஏழாம் பதிப்பு முதலில் வெளிவந்தபோது, உரிமம் பெற்ற விண்டோஸ் என உறுதிசெய்யப்பட்ட கணினிகளுக்கே அது வழங்கப்பட்டது. இத்தடை 2007 ஒக்ரோபரிலேதான் நீக்கப்பட்டது. ஒன்பதாம் பதிப்போ எக்ஸ்பியில் இயங்காது. புதிய கணினி வாங்க வழியற்றோர் எட்டுடன் நிற்கவேண்டியதாயிற்று.

தென்கொரியாவின் கதை இதனினும் சிக்கலானது. வலிமையான மறையாக்க முறைகளின் ஏற்றுமதியை அமெரிக்கா 1990களிலே கட்டுப்படுத்தியிருந்தமையால் கொரியர் சீட் எனுந் தமது சொந்த முறையை உருவாக்கினர். அன்றைய உலாவிகள் அதனை அறியா. எனவே எக்ஸ்புளோரரில் மாத்திரம் இயங்கும் அக்ரிவ்-எக்ஸ் எனும் இணைப்பு மூலம் வங்கிகள் அதனை வழங்கின. சுதந்திரமாக நிற்க எடுத்த முயற்சியே அந்நாட்டை ஒரே நிறுவனத்தின் உலாவியோடு பல்லாண்டுகள் பிணைத்துவிட்டது. அம்முறையோடு தொடர்புடைய அரச அங்கீகாரச் சான்றிதழ் ஏற்பாடு 2020 டிசெம்பரிலேதான் முடிவுக்கு வந்தது.

இன்ரநெற் எக்ஸ்புளோரர் 2022 ஜூன் 15 ஆம் திகதி ஓய்வுபெற்றது. அத்தோடு சிக்கல் ஓய்ந்ததா? நவீன உலாவிகளின் வரலாற்றை நோக்குமிடத்து அவ்வாறு கூற இயலாதுள்ளது. சோதனை நிலையிலுள்ள புதிய ஆணைகளுக்கு ஒவ்வோர் உலாவி நிறுவனமும் தன் அடையாளத்தை முன்னொட்டாகச் சேர்க்கும் வழக்கம் இருந்தது. 2007 இல் ஐபோன் வந்து, பின்னர் அன்ரொயிட் கைத்தொலைபேசிகளும் பரவியபோது அவ்விரண்டிலும் இருந்தது வெப்கிற் எனும் ஒரே இயந்திரம். வடிவமைப்பாளர் வெப்கிற் முன்னொட்டை மாத்திரம் எழுதி அமைந்தனர். எக்ஸ்புளோரருக்கு மாத்திரம் எழுதியவர்களை இகழ்ந்த அதே தலைமுறையினரே இதனைச் செய்தனர் என்பது சுவையான முரண். தமது வாசகருக்குப் பக்கங்கள் குலைவதைத் தவிர்ப்பதற்காக 2016 இல் பயர்பொக்சும் வெப்கிற் முன்னொட்டுகள் பலவற்றைத் தன்னுடையனபோல ஏற்கத் தொடங்கிற்று. ஒப்பெரா 2013 இலே தனது சொந்த இயந்திரத்தைக் கைவிட்டது. மைக்ரோசொஃப்ற் 2018 டிசெம்பரிலே தோல்வியை ஒப்புக்கொண்டு, கூகிளின் குரோமியத்தைத் தழுவியது. இன்று எஞ்சியுள்ள பெரும் இயந்திரங்கள் மூன்றே: கூகிளினது, அப்பிளினது, மொசில்லாவினது. மூன்றாவதன் வருமானத்திலே பெரும்பகுதி கூகிளிடமிருந்தே வருகின்றது. தேடற்றுறையிலே கூகிள் சட்டவிரோத ஏகபோகத்தைப் பேணியது என அமெரிக்க நீதிமன்றம் 2024 ஓகஸ்டிலே தீர்ப்பளித்தது. ஆயினும் குரோமை விற்கவேண்டியதில்லை என 2025 செப்டெம்பரிலே கூறிவிட்டது. 2001 இன் கதையை அறிந்தோருக்கு இது புதிதன்று.

இவ்வரலாற்றிலே வியக்கத்தக்க திருப்பங்களும் உள. நியமத்துக்கு மாறானதென இகழப்பட்ட எக்ஸ்புளோரர் 5 இன் பெட்டிக் கணக்கே நடைமுறைக்கு உகந்தது எனப் பலர் பின்னர் உணர்ந்தனர். ஒரு பேழையின் அகலத்தை அளப்பவர் வெளிப்புறத்தையே அளப்பார். அதனுள்ளிருக்கும் துணியை அளப்பதில்லை. எனவே எந்தக் கணக்கு வேண்டுமென ஆக்கியோனே தெரிவுசெய்யும் ஆணை நியமத்திலே சேர்க்கப்பட்டது. இன்று பெரும்பாலான பக்கங்கள் தொடக்கத்திலேயே பழைய மைக்ரோசொஃப்ற் கணக்கைத் தெரிவுசெய்துவிடுகின்றன. ஆயின் 1999 இற்கு நாம் திரும்பிவிடவில்லை. அன்று ஓர் உலாவியின் தன்னிச்சையாக இருந்தது இன்று எல்லா உலாவிகளுக்கும் பொதுவான தெரிவாக உயர்ந்துள்ளது.

கட்டவமைப்பு எனப்படும் கிறிட் முறையின் வரலாறும் இத்தகையதே. அதன் ஆரம்ப வடிவம் மைக்ரோசொஃப்றினால் 2012 இலே பத்தாம் பதிப்பில் வெளியிடப்பட்டது. இன்றைய வடிவம் 2017 மார்ச் மாதத்திலே குரோம், பயர்பொக்ஸ், சஃபாரி ஆகிய மூன்றிலும் ஒரே மாதத்துக்குள் வந்தது. அத்தகைய ஒற்றுமையை உலாவிகளின் வரலாறு அதற்குமுன் அரிதாகவே கண்டிருந்தது. குரோமுக்கும் சஃபாரிக்கும் அதனை ஆக்கிக்கொடுத்த இகாலியா, ஸ்பெயினின் கலீசியாப் பகுதியிலுள்ள தொழிலாளருக்கே சொந்தமான ஒரு கூட்டுறவு நிறுவனம். பணம் கொடுத்ததோ நிதிச் சந்தைகளுக்குத் தகவல் விற்கும் புளூம்பேர்க். கூட்டுறவு உழைப்பு, நிதி மூலதனத்தின் பணம், பொதுவுடைமையான நியமம் ஆகிய மூன்றும் ஒரே பொருளிலே கலந்துள்ளன. இக்கலப்பை எந்தச் சூத்திரத்தினுள் அடக்குவது என்பதை வாசகரின் சிந்தனைக்கே விடுகின்றேன்.

இனித் திருத்தும் முறைக்கு வருவோம். சீ.எஸ்.எஸ். மொழியின் ஒரு விதியை விளங்கிக்கொண்டால் ஏனையவை எளிதாகும்: தனக்குப் புரியாத ஆணையை உலாவி சத்தமின்றித் தாண்டிச் செல்லவேண்டும். புரிந்தவற்றுள் சம வலிமையுடையவை முரண்படின் பின்னால் வருவதையே ஏற்கவேண்டும். எனவே பழைய ஆணையை முன்னும் புதிய ஆணையைப் பின்னும் எழுதினால், பழைய உலாவி முன்னதுடன் நிற்கும். புதியது பின்னதை ஏற்கும். எந்த உலாவி என்று பெயர் சொல்லி அடையாளங் காணும் தேவை இங்கில்லை. 'நீ யார்?' என்று கேட்பதை விடுத்து 'உனக்கு இது தெரியுமா?' என்று கேட்கும் முறை இது. நெற்ஸ்கேப் 4 இன் காலத்திலேயே இதற்கு முன்னோடி உண்டு. அவ்வுலாவி அறியாத இறக்குமதி ஆணை மூலம் தோற்றத்தாளை இணைத்தவர்கள், அதன் வாசகருக்கு அலங்காரமற்ற, ஆனால் குலையாத எழுத்துப் பக்கத்தைக் கொடுத்தனர்.

உதாரணமாக, மிதவையால் அமைந்த இரு பத்திகளைக் கிறிட் முறைக்கு மாற்ற வேண்டுமென வைத்துக்கொள்வோம். மிதவை ஆணைகளை நீக்கத் தேவையில்லை. தாய்ப்பெட்டி கிறிட் ஆனதும் பிள்ளைகளின் மிதவை செயலற்றுப்போகும். ஆனால் அவற்றின் அகலம் செயலற்றுப் போவதில்லை. நூற்றுக்கு 65 என எழுதிய அகலம் இப்போது தனக்குரிய கட்டத்தில் நூற்றுக்கு 65 ஆகச் சுருங்கிவிடும். பலர் தடுமாறும் இடம் இதுவே. ஆகவே, குறித்த ஆற்றல் உண்டா என வினவும் நிபந்தனை விதியினுள்ளே கிறிட் ஆணையையும் அகலத்தைத் தளர்த்தும் ஆணையையும் சேர்த்து எழுதவேண்டும். அவ்விதியையே அறியாத எக்ஸ்புளோரர் அதற்குள்ளிருப்பவை அனைத்தையும் தாண்டிச் செல்லும்.

தமிழ்ப் பக்கங்களுக்கெனச் சில தனிச்சிக்கல்களும் உண்டு. தமிழ்ச் சொற்கள் ஒட்டுகள் சேர்ந்து நீள்வன. ஒடுங்கிய பத்தியிலே நீண்ட தொடர்ச்சொல் பெட்டியை மீறி வெளியே துருத்தும். வேண்டின் சொல்லை உடைக்கலாமென்ற ஆணை இதற்குப் பயன்படும். அதுவும் எக்ஸ்புளோரரின் தனிவழக்காகத் தோன்றிப் பின்னர் நியமமானதே. எழுத்திடைவெளியைக் கூட்டுவது ஆங்கிலத் தலைப்புகளுக்கு அழகூட்டலாம். தமிழிலோ கொம்பும் காலும் தம் மெய்யைவிட்டு விலகி நிற்கக்கூடும். பயர்பொக்சின் பழைய பதிப்புகளிலே இருபுறமும் நேர்படுத்திய பந்திகளில் எழுத்துகள் உடைந்தமையை அக்காலத்திலே தமிழில் எழுதியோர் மறந்திருக்கமாட்டார்கள். 2008 இல் வந்த மூன்றாம் பதிப்பின் பின்னரே அது தீர்ந்தது.

வாசிகசாலைப் பக்கத்தை நாம் ஈற்றிலே திருத்திய விதம் அந்த ஒற்றை வரியுடன் நின்றுவிடவில்லை. மூலப்பிரதியிலே பட்டியலைக் கட்டுரைக்கு முன்னால் கொண்டுவந்தோம். அகன்ற திரைக்கான இரு பத்தி அமைப்பைத் திரையின் அகலத்தை வினவும் விதியினுள்ளே வைத்தோம். அவ்விதியை எக்ஸ்புளோரர் எட்டாம் பதிப்புவரை அறியாது; ஆதலால் பழைய கணினியிலே பக்கம் பத்திகளின்றி, முதலிலே பட்டியல், அடுத்துக் கட்டுரை என மேலிருந்து கீழாக நின்றது. அழகு குறைந்ததென ஒரு நண்பர் முகஞ்சுழித்தார். பொறுப்பாளர் பட்டியலை எண்ணிப் பார்த்து, ஒரு கட்டுரையின் ஆண்டு பிழையெனச் சுட்டிக்காட்டினார். அது உண்மையிலேயே பிழைதான். அந்தக் கணினி இப்போது அங்கில்லை. இன்று அவ்வூர் இளைஞர் அதே பக்கத்தைக் கைத்தொலைபேசியிலே திறக்கின்றனர். ஒடுங்கிய அத்திரையிலும் இரு பத்தி விதி செயற்படாமையால், ஆறாம் பதிப்புக்கென நாம் விட்டுவைத்த அதே ஒற்றைப் பத்தியே அவர்களுக்கும் கிடைக்கின்றது.